பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாய், பூனைகள்... ‘காமிங் ட்ரீட்’ உண்மையில் கைகொடுக்குமா?

தீபாவளி நெருங்கினால் துணிக்கடையிலும் ஸ்வீட் கடையிலும் கூட்டம் கூடுவது எல்லோருக்கும் தெரியும். கால்நடை மருத்துவமனைகளிலும் அதே நாள்களில் ஒரு கூட்டம் கூடும். போன தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் போன நாய் இரண்டு நாள் வெளியே வரவில்லை, பூனை பீரோவுக்கு மேலே ஏறியது இறங்கவில்லை, இந்த வருடமாவது முன்கூட்டியே ஏதாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டு வருகிறவர்களின் கூட்டம் அது.

டாக்டரிடம் போகாதவர்கள் செல்போனில் தேடுகிறார்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது ‘காமிங் ட்ரீட்’. எலும்பு வடிவத்தில், இதய வடிவத்தில், சிக்கன் வாசனையுடன் வரும் மெல்லக்கூடிய பிஸ்கட்டுகள். ஒன்றைக் கொடுத்தால் செல்லத்தின் பதற்றம் அடங்கிவிடும் என்று டப்பாவில் படம் போட்டுச் சொல்கிறார்கள். விலையும் சாதாரண பிஸ்கட்டைவிடப் பல மடங்கு. கொடுத்த காசுக்குப் பலன் உண்டா? பயத்தில் உயிரையே விடப் பார்க்கும் ஒரு நாய்க்கு இது போதுமா? பண்டிகைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அந்தச் சத்தம் அவற்றுக்கு எப்படிக் கேட்கிறது?

மனிதக் காதுக்கு எட்டும் ஒலி 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு அது சுமார் 45,000. பூனைக்கோ 60,000-ஐயும் தாண்டும். நமக்குக் கேட்காத சுவரோரத்து எலியின் கீச்சொலி பூனைக்குக் கேட்பது இதனால்தான். அப்படிப்பட்ட காதுகளுக்குப் பக்கத்தில்தான் நாம் சரவெடியைக் கொளுத்துகிறோம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும் வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். சட்டம் அனுமதிக்கும் அந்த அளவே மனிதக் காதுக்கே வலிக்கக்கூடிய சத்தம்.

சத்தம் மட்டுமே பிரச்னை என்றால்கூடப் பரவாயில்லை. மிக்ஸியும் குக்கர் விசிலும் தினமும்தான் கேட்கின்றன, நாய் அவற்றுக்குப் பழகிவிடுகிறது. வெடிச்சத்தம் எங்கிருந்து வருகிறது, அடுத்தது எப்போது வரும், எப்போது முடியும் என்று எதுவுமே அதற்குத் தெரியாது. தீபாவளி என்றும் அதற்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை விடியற்காலையில் திடீரென உலகம் இடிந்து விழத் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் உடம்புக்குள் நடப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், இடிக்குப் பயப்படும் நாய்களுக்கு இடிச்சத்தத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், நாய்களிடம் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் இரண்டு மடங்குக்கும் மேல் அதிகரித்தது. சத்தம் நின்று 40 நிமிடம் ஆன பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தெருவில் 40 நிமிட இடைவெளியில் இன்னொரு சரம் வெடிக்காத தீபாவளி எங்கே இருக்கிறது?

பயத்தைக் கண்டுபிடிப்பதிலும் நாம் கொஞ்சம் மந்தம்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் நாய் சத்தத்துக்குப் பயப்படும் என்று சொன்னவர்கள் கால்வாசிப் பேர். நடுக்கம், குரைப்பு, ஒளிந்துகொள்ளுதல் என்று அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டபோது, ஏதோ ஓர் அறிகுறியாவது உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். வாலை இடுக்கிக்கொண்டு நடுங்கினால்தான் பயம் என்று பலரும் நினைக்கிறோம். வெயிலே இல்லாமல் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, ஓரிடத்தில் உட்காராமல் அறைக்கும் ஹாலுக்கும் நடப்பது, கூடவே ஒட்டிக்கொண்டு வருவது எல்லாமே பயம்தான்.

இது ஏதோ ஒரு சில நாய்களின் கோளாறும் அல்ல. பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 13,700 நாய்களைப் பற்றித் திரட்டி 2020-ல் வெளியிட்ட தகவலில், பதற்றம் சார்ந்த பிரச்னைகளில் முதலிடம் சத்தத்துக்கான பயத்துக்குத்தான். 32 சதவிகித நாய்களிடம் அது இருந்தது. குளிர்தேசத்திலேயே இந்த நிலை என்றால், வடகிழக்குப் பருவமழையின் இடியும் தீபாவளி வெடியும் ஒரே மாதத்தில் வந்து சேரும் தமிழ்நாட்டில் கேட்கவே வேண்டாம். கோயில் திருவிழா அதிர்வேட்டு, சாவு ஊர்வல வெடி, கட்சிக்காரர்களின் வெற்றிச் சரவெடி, கிரிக்கெட்டில் ஜெயித்தால் ஒரு ரவுண்டு என்று நமக்கு வருடம் முழுக்கக் காரணம் உண்டு. நாட்டு நாய்க்குப் பேர்போன ராஜபாளையமும் பட்டாசுக்குப் பேர்போன சிவகாசியும் ஒரே விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

காமிங் ட்ரீட்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சில உண்டு. முதலில் எல்-தியானின். தேயிலையில் இயற்கையாகவே உள்ள ஓர் அமினோ அமிலம் இது. மூளையின் பரபரப்பைத் தணிக்கும் வேதிப்பொருள்களுக்குத் துணைபோகிறது என்பது இதைச் சேர்ப்பதற்கான காரணம். தேயிலையில் இருக்கிறதே என்று நாய்க்கு டீ ஊற்றிவிடக் கூடாது. டீயில் உள்ள கஃபீன் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு, அமைதிக்குப் பதில் படபடப்புதான் வரும்.

அடுத்தது ஆல்பா-காசோஸெபின். பால் குடித்த குழந்தை சொக்கிப் போய்த் தூங்குகிறதே, அந்தச் சங்கதியோடு தொடர்புடையது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் உடையும்போது கிடைக்கும் சின்னத் துணுக்கு இது, வெறும் 10 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நாய், பூனை இரண்டுக்கும் பவுடராகவும் கேப்ஸ்யூலாகவும் விற்கிறார்கள். இதற்கும் பால் மாற்று அல்ல. வளர்ந்த நாய், பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பண்டிகை நாளில் வயிற்றுப்போக்குதான் மிச்சமாகும்.

டிரிப்டோபன், மெலடோனின், சாமந்தி இனத்தைச் சேர்ந்த கெமோமில், வலேரியன் வேர் ஆகியவையும் உண்டு. நம் ஊர் அமுக்கரா கிழங்கு, அதாவது அஸ்வகந்தா, இப்போது வெளிநாட்டு டப்பாக்களிலும் இடம் பிடித்துவிட்டது. சிலவற்றில் குடலுக்கு நல்லது செய்யும் ஒருவகை பாக்டீரியாவைச் சேர்க்கிறார்கள். அது பலன் தர ஆறு வாரம் வரை தினமும் கொடுக்க வேண்டும். நோன்புக்கு முதல் நாள் வாங்கிப் புண்ணியமில்லை.

இவை மருந்துகள் அல்ல, துணை உணவுகள். ஒரு மருந்து விற்பனைக்கு வருவதற்கு முன்பு அது வேலை செய்கிறது என்று நிரூபிக்க வேண்டும். துணை உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ஒரே பெயருள்ள பொருள் ஒரு டப்பாவில் தேவையான அளவும், இன்னொன்றில் பேருக்கு ஒரு துளியும் இருக்கலாம். ‘இயற்கை மூலிகைகள் கொண்டது’ என்று மட்டும் போட்டு, எது எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாத டப்பாவைக் கடையிலேயே வைத்துவிடுவது நல்லது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

தியானினுக்கும் காசோஸெபினுக்கும் ஆதரவாகச் சில ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் சிறியவை. சிலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பிஸ்கட் கொடுத்த நாய்க்கூட்டமே கிடையாது. லேசான பதற்றத்துக்கு, அதாவது வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூச்சப்படுவது, காரில் ஏற யோசிப்பது போன்றவற்றுக்கு இவை ஓரளவு உதவக்கூடும். ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓடப் பார்க்கும் நாயை இவை நிறுத்தாது.

வெடிச்சத்தத்தைப் பற்றியே நேரடியாகக் கேட்ட ஓர் ஆய்வு உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானி ரீமர், 1,225 நாய் வளர்ப்பாளர்களிடம் எது பலன் தந்தது என்று கேட்டு 2020-ல் வெளியிட்டார். மூலிகைத் தயாரிப்புகள், ஹோமியோபதி, வாசனை எண்ணெய், மலர் மருந்து, ‘ஃபெரமோன்’ கருவிகள் ஆகியவை உதவியதாகச் சொன்னவர்கள் 27 முதல் 35 சதவிகிதம் பேர். வெறும் நம்பிக்கையால் வரக்கூடிய பலனைவிட இது அதிகம் இல்லை என்பதுதான் ஆய்வின் முடிவு. உடம்பை இறுக்கமாகச் சுற்றும் சட்டை 44 சதவிகிதம். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து 69 சதவிகிதம்.

எல்லாவற்றையும்விட மேலே, 70 சதவிகிதத்தைத் தாண்டி நின்றது எது தெரியுமா? வெடிச்சத்தம் கேட்ட மறுநொடியே நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுப்பது, அல்லது அதோடு விளையாடுவது. தனியாக எந்த மூலிகையும் சேர்க்காத, சாதாரணத் தின்பண்டம்!

சத்தத்துக்குப் பின்னால் ஒரு துண்டு

இதில் முக்கியம் வரிசைதான். முதலில் ‘டமார்’, அடுத்து சிக்கன். இந்த வரிசை பலமுறை நடந்தால், வெடி என்றால் ஆபத்து என்று பதிந்திருந்த மனதில், வெடி என்றால் ஏதோ நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு மெல்ல முளைக்கிறது. மாற்றிச் செய்தால், அதாவது சிக்கனைக் காட்டிய பிறகு வெடி வெடித்தால், சிக்கனைக் கண்டாலே பயப்படும் நிலைகூட வரலாம்.

நாய் உட்கார வேண்டும், கை கொடுக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் வைக்கக் கூடாது. குரைத்துக்கொண்டிருந்தாலும் நடுங்கிக்கொண்டிருந்தாலும் துண்டு உண்டு. பயத்துக்குப் பரிசு கொடுத்தால் பயம் வளர்ந்துவிடுமே என்று தோன்றும். பயம் ஓர் உணர்ச்சி. லட்டு கொடுத்தால் ஒரு குழந்தை மறுநாள் வேண்டுமென்றே பேய்க்குப் பயப்படக் கற்றுக்கொள்ளாது, அதுபோலத்தான் இதுவும். நடுங்கும் நாயைத் தடவிக் கொடுக்காதே, அது செல்லம் கொடுப்பதாகிவிடும் என்று முன்பு சொல்லிவந்ததும் இப்படித்தான் பழைய கதையாகிவிட்டது. பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். ஒதுங்கி ஒளிந்தால் விட்டுவிடலாம்.

துண்டு சின்னதாக, சுண்டல் அளவு இருந்தால் போதும். நூறு வெடிக்கு நூறு துண்டு கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் தினமும் கிடைக்காத சுவையாக இருக்க வேண்டும். உப்பு, மசாலா, எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழி, ஈரல், மீன். சைவ வீடு என்றால் பன்னீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தயிர்சாதத்துக்கே வாலாட்டும் நாய் என்றால் அதையே உருட்டியும் வைத்துக்கொள்ளலாம். கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம்.

நேரம் இருக்கிறவர்கள் ஒரு மாதம் முன்பே ஒத்திகையைத் தொடங்கலாம். வெடிச்சத்தத்தின் ஒலிப்பதிவைச் செல்போனில், நாய் காதை மட்டும் லேசாக அசைக்கும் அளவுக்குக் குறைவாக வைத்து, கூடவே தின்பண்டம். தலையைத் தூக்கிப் பதறினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். சில நாள்களுக்கு ஒருமுறை ஒரு புள்ளி கூட்டலாம். 3 முதல் 12 வாரக் குட்டியாக இருந்தால் இந்தப் பயிற்சி இன்னும் எளிது, உலகத்தில் எதெல்லாம் சகஜம் என்று மூளை பதிந்துகொள்ளும் பருவம் அது.

பயந்த நாய் கோழித்துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால்? அதுதான் கவனிக்க வேண்டிய இடம். பிடித்த உணவையே மறுக்கும் அளவுக்குப் பயம் ஏறிவிட்ட நாய்க்குக் காமிங் ட்ரீட்டும் வேலை செய்யாது, பயிற்சியும் ஏறாது. அதற்கு மருந்து தேவை.

மருந்து என்றால் மயக்கமா?

மருந்து என்றதும் பலரும் தயங்குகிறார்கள். நாய் கிறங்கிக் கிடக்குமோ, பழகிவிடுமோ என்று பயம். வருடத்தில் சில நாள்கள் கொடுக்கும் பயத்தணிப்பு மருந்தால் அப்படி அடிமையாவதில்லை. ஒவ்வொரு வருடமும் உயிர்ப்பயத்தில் தவிக்க விட்டால்தான் பயம் மேலும் மேலும் முற்றுகிறது. முதல் வருடம் நடுங்கிய நாய், நான்காம் வருடம் கதவைப் பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும்.

ட்ராஸோடோன், காபாபென்டின், அல்ப்ரஸோலம் போன்றவற்றை நாயின் எடை, வயது, இதயம், கல்லீரல் எல்லாம் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தை ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையில் தடவும் ஜெல்லாக, நாய்களின் சத்தப் பயத்துக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் அனுமதித்தது. அந்தப் பிரச்னைக்காக அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. சத்தப் பயத்தை ஒரு நோயாகவே கருதத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு இது அடையாளம்.

பழைய காலத்து மருந்து ஒன்று உண்டு, அஸிப்ரோமஸின். கொடுத்தால் நாய் அசையாமல் படுத்துவிடும், வீட்டிலும் நிம்மதி. ஆனால் உடம்பைத்தான் அது கட்டிப்போடுகிறது, பயம் உள்ளே அப்படியே இருக்கும். ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் கேட்டுக்கொண்டே கிடப்பது எவ்வளவு கொடுமை! சத்தப் பயத்துக்கு இதை மட்டும் தனியாகக் கொடுப்பது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. டாக்டர் எழுதும் சீட்டில் இந்தப் பெயர் மட்டும் இருந்தால், பயத்தைக் குறைக்கும் மருந்தும் வேண்டுமே என்று பணிவாகக் கேட்டுவிடலாம்.

மனிதர்களின் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. மருந்தோ, காமிங் ட்ரீட்டோ, எதுவானாலும் பண்டிகைக்கு ஓரிரு வாரம் முன்பு ஓர் அமைதியான நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். சிலவற்றுக்கு எதிர்விளைவாகப் பரபரப்பு கூடும். அதைத் தீபாவளி இரவு 9 மணிக்கு, டாக்டர் கிடைக்காத நேரத்தில் தெரிந்துகொள்ளக் கூடாது. கொடுக்கும் நேரமும் முக்கியம். 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழக அரசு ஒதுக்கியது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம். தெரு அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்பது ஊரறிந்த ரகசியம். ஆகவே முதல் வெடிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, முதல் நாள் மாலையிலிருந்தே தயாராக இருப்பது நல்லது. ஏற்கெனவே பிரிவுப் பதற்றத்துக்காக ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மாத்திரை சாப்பிடும் நாய்க்கு, டிரிப்டோபன் உள்ள ட்ரீட்டை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இரண்டும் மூளையில் ஒரே பாதையில் வேலை செய்பவை.

இத்தனை வருடம் வெடிக்கு அசையாத நாய் எட்டு, ஒன்பது வயதில் திடீரென்று பயப்படத் தொடங்கினால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகமும் பிரேசில் ஆய்வாளர்களும் சேர்ந்து 20 நாய்களை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டு, தசை வலி இருந்த நாய்களுக்குச் சத்தப் பயம் மற்றவற்றைவிட ஏறக்குறைய நான்கு வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. திடுக்கிடும்போது உடம்பு இறுகும், இறுகும்போது வலிக்கும், பிறகு சத்தம் என்றாலே வலி என்று மனதில் பதிந்துவிடும். இப்படிப்பட்ட நாய்க்குத் தேவை வலிக்கான சிகிச்சை. காமிங் ட்ரீட் டப்பா டப்பாவாகத் தீர்ந்தாலும் மூட்டு வலி தீராது.

பூனையின் கணக்கு வேறு

பூனை பயந்தால் ஊரைக் கூட்டாது. காணாமல் போய்விடும். வாஷிங் மெஷினுக்குப் பின்னால், பரண் மேல், பீரோ இடுக்கில். வெளியே இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சுவது அதற்கு ஆறுதல் இல்லை, தண்டனை. ஓர் அட்டைப்பெட்டியில் பழைய புடவையைப் போட்டு, வாசல் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்படி உயரமான இடத்தில் வைத்துவிட்டால் போதும். தண்ணீர், மணல்தட்டு இரண்டும் அதே அறையில் இருக்கட்டும். பலகார வாசனைக்கும் விருந்தாளிக்கும் நடுவில் பூனை மணல்தட்டைத் தேடி ஹாலைக் கடந்து போகாது.

பூனைக்கான ட்ரீட்களில் ‘கேட்னிப்’ என்ற மூலிகை இருக்கும். அது பல பூனைகளுக்குப் போதை ஏற்றும் செடி, உருண்டு புரண்டு குதிக்கத்தான் வைக்கும். அமைதிக்கு உகந்தது அல்ல. நம் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. குப்பைமேனிக்குப் ‘பூனைவணங்கி’ என்று இன்னொரு பெயர் வைத்தவர்கள், வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அதில் புரள்வதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். கேட்னிப்பில் உள்ளதைப் போன்ற வேதிப்பொருள் அதன் வேரிலும் இருக்கிறது. பார்க்க வேடிக்கைதான், மருந்தாக அரைத்துக் கொடுத்துவிட வேண்டாம்.

பூனையின் கல்லீரல் பல பொருள்களை நாயைப்போல உடைத்து வெளியேற்றாது. நாய்க்கு வாங்கிய ட்ரீட்டில் பாதியைப் பூனைக்குக் கொடுப்பது அதனாலேயே தவறு. வாசனை எண்ணெயை அறையில் ஆவியாக விடும் கருவிகளும் பூனை உள்ள வீட்டுக்கு ஆகாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. பயத்தில் சாப்பிடாமல் இருக்கும் பூனையை ஒரு நாளுக்கு மேல் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. குறிப்பாகக் குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

லேபிளில் தேட வேண்டிய ஒரு வார்த்தை

ஸைலிடால். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில டூத்பேஸ்ட், மனிதர்களுக்கான மெலடோனின் கம்மிகள், சில திரவ மருந்துகள் ஆகியவற்றில் இனிப்புக்காகச் சேர்ப்பது. நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகலாம், கல்லீரலும் செயலிழக்கலாம். ‘எனக்கு வாங்கிய தூக்க கம்மி, இயற்கையானதுதானே’ என்று எடுத்துக் கொடுப்பவர்கள் இந்த ஒரு வார்த்தையைத் தேடிவிட்டுத்தான் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும்.

பண்டிகைப் பலகாரத்திலும் ஆபத்து இருக்கிறது. லட்டுவிலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மைய மருத்துவர்கள் 2021-ல் சுட்டிக்காட்டினார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு, புளியோதரைத் தூக்கை மேஜை விளிம்பில் வைக்காமல் இருப்பது நல்லது. சாக்லேட் பெட்டி, வெங்காயம் போட்ட பஜ்ஜி, நெய் சொட்டும் தீபாவளி லேகியம் எல்லாமே எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

அன்றைய இரவுக்கு

மாலை வாக்கிங்கை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நன்றாக நடந்து, ஓடி, வயிறு நிறையச் சாப்பிட்ட நாய் கொஞ்சமாவது அசந்திருக்கும். வெளியே போகும்போது சங்கிலியைக் கையில் சுற்றிப் பிடிப்பது முக்கியம், ஒற்றை வெடிக்குக் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிய நாய்கள் ஏராளம். பட்டையில் செல்போன் எண் எழுதிய வில்லை இருக்கட்டும். தெருவைப் பார்க்காத உள்ளறை, மூடிய ஜன்னல், வெளிச்சம் தெரியாத திரை, ஓடும் ஃபேன், கொஞ்சம் சத்தமாக டிவி. வீட்டில் ஒருவர் முறை வைத்துக்கொண்டு கூட இருந்தால் அதைவிடப் பெரிய மருந்து இல்லை. கட்டிப்போட்டு மொட்டைமாடியில் விடுவது மட்டும் கூடாது. பயத்தில் குதித்துச் சங்கிலியில் தொங்கிவிடும் அபாயம் உண்டு.

வீட்டு நாய்க்காவது உள்ளறை இருக்கிறது. தெருநாய்க்கு அதுவும் இல்லை. அன்று ஒருநாள் அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்தையோ மாடிப்படிக்கு அடியையோ திறந்துவிட்டு, ஒரு சாக்கும் ஒரு சட்டித் தண்ணீரும் வைத்தால் அவை வந்து சுருண்டுகொள்ளும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கிராமங்களில் வந்து தங்கும் பறவைகளுக்காகப் பல தலைமுறைப் பழக்கமாகவே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊரே அப்படி இருப்பது எல்லா இடத்திலும் நடக்காது. ஒரு தெருவில் அணுகுண்டும் லட்சுமி வெடியும் வேண்டாம், மத்தாப்பும் புஸ்வாணமும் போதும் என்று பிள்ளைகளிடம் பேசிப் பார்க்க முடியும். நாய் வாலில் சரம் கட்டும் விடலைகளைத் தட்டிக் கேட்கவும் முடியும், அது சட்டப்படி குற்றம்.

மறுநாள் காலை நாயை அவிழ்த்துவிடும் முன் வாசலைப் பெருக்கிவிடுங்கள். வெடிக்காத பட்டாசையும் கருமருந்துக் காகிதத்தையும் சில நாய்கள் மெல்லும். வண்ணம் தரச் சேர்க்கும் பேரியம் உப்பு உள்ளே போனால் வாந்தி, தசைத் தளர்ச்சி, இதயத் துடிப்பில் கோளாறு என்று போகும், உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டி, சக்கரத்துக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிடுங்கள். இரவு முழுக்க நடுங்கிய ஏதோ ஒரு குட்டி அப்போதுதான் அங்கே கண்ணயர்ந்திருக்கும்.